பதிவறைக்குப் போகும் முன்பே கெட்டுவிடும் கோப்பு

தாலுகா ஆபீஸில் பழைய கோப்பு ஒன்று கிடைக்கவில்லை என்றால் எல்லோரும் திட்டுவது பதிவறை எழுத்தரைத்தான். கரையான் தின்றிருக்கும், எலி இழுத்துப் போயிருக்கும், எவனாவது எடைக்குப் போட்டிருப்பான் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதெல்லாம் நடப்பதும் உண்டு. ஆனால் பெரும்பாலான கோப்புகள் கெடுவது பதிவறையில் அல்ல, பிரிவு எழுத்தரின் மேசையில். கோப்பை முடிக்கும்போது மேலட்டையில் என்ன முடிவு என்று எழுதுகிறாரே, அந்த இரண்டு எழுத்தில்தான் அதன் ஆயுள் இருக்கிறது.

மாவட்ட அலுவலக நடைமுறை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: தபால் வந்து தன்பதிவேட்டில் (எழுத்தர் தனக்கு வரும் தபால்களைப் பதியும் ஏட்டில்) ஏறியதும் ஒரு நடப்பு எண் விழும், அதாவது ந.க. எண். வேலை முடிந்ததும் அதே எண்ணோடு முடிவின் வகை சேரும். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் எப்போதும் அழிக்கக்கூடாது. பழைய ஆட்கள் வாயில் இவை எல்.டிஸ், கே.டிஸ், டி.டிஸ், ஆர்.டிஸ். அசலையே திருப்பி அனுப்பிவிட்டால் என்.டிஸ், நம்மிடம் தன்பதிவேட்டு வரி மட்டும்தான் மிஞ்சும்.

இந்த வகைப்பாட்டில் இரண்டு வியாதிகள் உண்டு. முதலாவது அவசரம். மாதக் கடைசியில் தன்பதிவேட்டைச் சரிபார்க்கப் போகிறார்கள் என்றதும், நிலுவையைக் குறைக்க வரிசையாக எல்லாவற்றுக்கும் ஓ.மு. போட்டு வட்டமிட்டுவிடுவது. இரண்டாவது பயம். எதற்கு வம்பு என்று விடுப்பு விண்ணப்பம், கூட்ட அறிவிப்பு, நினைவூட்டுக் கடிதம் எல்லாவற்றையும் நி.மு. ஆக்கிவிடுவது. முதலாவதில் வேண்டிய கோப்பு போய்விடும். இரண்டாவதில் வேண்டாத கோப்புகளுக்கு நடுவே வேண்டியது புதைந்துவிடும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கொடியது. பதிவறை நிரம்பி வழிந்த பிறகு ஒருநாள் யாரோ ஒரு அதிகாரி 'எல்லாவற்றையும் காலி பண்ணுங்கள்' என்பார். அப்போது நல்லது கெட்டது பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. போகிக்கு முந்தின நாள் வீட்டைக் காலி செய்வதுபோல் எல்லாம் போய்விடும்.

வகையைத் தீர்மானிக்க ஒரு கேள்வி போதும். இந்தத் தாளை வைத்து நாளைக்கு ஒருவர் உரிமை கேட்க முடியுமா, அல்லது அரசு ஒருவரிடம் உரிமையை மறுக்க முடியுமா? முடியும் என்றால் ஓ.மு., மூ.மு. பக்கமே போகக்கூடாது. நில ஒப்படை, நில எடுப்பு, நில மாற்றம், பட்டா மேல்முறையீடு ஆகியவை நி.மு. என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. சந்தேகம் வருவது சின்னதாகத் தெரிகிற கோப்புகளில்.

பி மெமோவை எடுத்துக்கொள்வோம். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி புறம்போக்கில் இருப்பவருக்கு அபராதம் விதித்து அனுப்புகிற, கிராம நிர்வாக அலுவலர் வருடாவருடம் எழுதுகிற சாதாரணத் தாள். தண்டத்தொகை வசூலானதும் கோப்பை ஓராண்டில் முடித்துவிடத் தோன்றும். ஆனால் வருடங்கள் கழித்து அதே ஆள் பட்டா கேட்டு வரும்போது, இத்தனை வருடம் அனுபவத்தில் இருந்தேன் என்பதற்கு அவர் காட்டுவது அந்த பி மெமோ ரசீதைத்தான். நீர்நிலைப் புறம்போக்கு என்று மறுத்து வெளியேற்ற அரசு தேடுவதும் அதே தாளைத்தான். இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆதாரம் என்பதால், கோப்பு போனாலும் பி மெமோ பதிவேடு போகக்கூடாது.

சாதிச் சான்று இன்னொன்று. இப்போது இணையத்தில் விண்ணப்பித்து வாங்குகிறார்கள், தடம் இருக்கிறது. அதற்கு முன் கையால் எழுதிக் கொடுத்த காலத்துச் சான்றுகளுக்கு, வழங்கல் பதிவேட்டின் ஒரு வரியைத் தவிர வேறு சாட்சி கிடையாது. சித்தேரி, வத்தல்மலைப் பக்கத்து மலையாளி பழங்குடிக் குடும்பங்களில் பிள்ளைக்கு வேலை கிடைத்து, சான்றின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கக் கடிதம் வரும்போது, அப்பாவுக்கு எந்த ஆண்டு எந்த எண்ணில் சான்று கொடுத்தார்கள் என்று தேடுவார்கள். பதிவேடு இல்லை என்றால் அலுவலகத்துக்கு அது ஒரு வரிப் பதில். அந்தப் பையனுக்கு வேலையே ஆட்டம் காணும்.

நில எடுப்பில் நடந்ததைச் சொன்னால் விஷயம் இன்னும் விளங்கும். ஓசூர் சிப்காட், தேசிய நெடுஞ்சாலை, அணை, கால்வாய் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எடுத்த நிலம் கொஞ்சநஞ்சம் அல்ல. 2013ஆம் ஆண்டு வந்த புதிய நில எடுப்புச் சட்டத்தின் 24(2) பிரிவு, பழைய சட்டத்தில் தீர்வம் (இழப்பீட்டை முடிவுசெய்யும் உத்தரவு) பிறப்பித்து ஐந்தாண்டுக்கு மேல் ஆகியும் நிலம் கையகப்படாமலோ இழப்பீடு கொடுபடாமலோ இருந்தால் நடவடிக்கை காலாவதியாகும் என்றது. உடனே நாடெங்கும் வழக்குகள். அரசு காட்ட வேண்டியிருந்தது இரண்டே தாள்: நிலத்தைக் கையகப்படுத்தியபோது அந்த இடத்திலேயே சாட்சிகளோடு எழுதிய மகஜர், பணம் கொடுத்ததற்கோ நீதிமன்றத்தில் கட்டியதற்கோ ஆதாரம். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, இரண்டில் ஒன்று நடந்திருந்தாலே நடவடிக்கை காலாவதியாகாது என்று தெளிவுபடுத்தியது. ஆனாலும் அந்த ஒன்றைக் காட்டியாக வேண்டுமே. தீர்வத்தை நி.மு. என்று பத்திரமாகக் கட்டி வைத்துவிட்டு, மகஜரும் பட்டுவாடாச் சீட்டும் இருந்த துணைக்கோப்பை 'செலவுச் சீட்டுதானே' என்று மூ.மு. போட்டிருந்தால், இருப்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இதிலிருந்து கிளம்புவதுதான் இணைப்புக் கோப்புத் தொல்லை. நடப்புக் கோப்புக்காகப் பழைய கோப்பை வரவழைத்து, சேர்த்துக் கட்டி மேலிடத்துக்கு அனுப்புகிறோம். உத்தரவு வந்ததும் புதியதை மூ.மு. என்று முடித்து அப்படியே பதிவறைக்கு அனுப்பிவிட்டால், உள்ளே இருக்கும் நி.மு. கோப்பும் மூன்றாண்டில் கூடவே போய்விடும். கோப்பை முடிக்கும்போது இணைப்புகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் கட்டுக்குத் திருப்பி, 'இன்ன எண் கோப்பு பிரித்து அனுப்பப்பட்டது' என்று குறிப்புப் பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். இதைச் செய்யாத அலுவலகத்தில் எவ்வளவு நல்ல இரும்பு அலமாரி வாங்கினாலும் பயன் இல்லை.

இன்னொன்று, ஆண்டுக் கணக்கு. ந.க. எண்ணில் இருப்பது கோப்பு பிறந்த ஆண்டு. வைத்திருக்க வேண்டிய காலம் ஓடத் தொடங்குவது அது முடிந்த ஆண்டிலிருந்து. 2009இல் தொடங்கி 2015 ஜூலையில் ப.மு. ஆன கோப்பு 2025 டிசம்பர் வரை இருந்துவிட்டு, 2026 ஜனவரிப் பட்டியலில்தான் வர வேண்டும். அட்டையில் 2009 என்று இருப்பதைப் பார்த்து 2020இலேயே கழித்துவிடுகிறார்கள். முடித்த தேதியை அட்டையில் சிவப்பு மையில், எண்ணைவிடப் பெரிதாக எழுதினால் இந்தத் தவறு நேராது.

கட்டுவதற்கு முன் கோப்பை ஒல்லியாக்க வேண்டும். நினைவூட்டுகளின் மிகைப் படிகள், ஒரே உத்தரவின் நாலு ஜெராக்ஸ், திருத்தி எழுதிய வரைவுக்கு முந்தைய வரைவுகள் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். ஒப்புதல் பெற்ற வரைவையும் குறிப்புப் பக்கத்தையும் தொடவே கூடாது. ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்பது குறிப்பில் மட்டும்தான் இருக்கும். பக்க எண் போட்டு, மொத்தப் பக்கங்களைக் கடைசித் தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இடையிலிருந்து ஒரு தாளை உருவியது பின்னால் தெரிவதற்கு அதுதான் ஒரே வழி. குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ஜெம் கிளிப் எல்லாவற்றையும் கழற்றி நூல் டேகில் கோக்க வேண்டும். துரு பிடித்த பின் முதலில் பழுப்பு வட்டமாகும், பிறகு ஓட்டையாகும். பெரும்பாலும் அது குத்தியிருப்பது தாளின் இடது மேல் மூலை, எண்ணும் தேதியும் இருக்கும் இடம்.

பழைய ஃபேக்ஸ் தாள் இருந்தால் உடனே ஜெராக்ஸ் எடுத்துச் சான்றொப்பமிட்டுச் சேர்க்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சான எழுத்து சில ஆண்டுகளில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டுவது பெரும் பாவம். பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கி, பிறகு பிரிக்கவும் வராது. லேமினேஷன் அதைவிட மோசம், வெப்பத்தில் உருகி ஒட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது. புலப்படத்துக்கும் (நிலத்தின் அளவைக் காட்டும் படம்) 'அ' பதிவேட்டுக்கும் (கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேடு) அதைச் செய்துவிட்டுப் பெருமைப்படுகிற அலுவலகங்கள் இருக்கின்றன. மெல்லிய டிஷ்யூ தாளும் மாவுப் பசையும் போதும். ஈரத்துணியால் நனைத்தால் திரும்ப எடுத்துவிடலாம்.

பதிவறைக்குள் அளவு முக்கியம். அலமாரி சுவரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில். காற்று போகவும், கரையான் மண்கோடு போட்டு ஏறினால் கண்ணில் படவும் இந்த இடைவெளி. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து வறண்ட சூட்டில் தாள் மொறுமொறுப்பாகி மடித்த இடத்தில் ஒடியும். அங்கே கோப்பை மடிக்காமல் தட்டையாக வைப்பதே பாதி வைத்தியம். தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்தில் குளிரும் ஈரமும் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். ஜன்னலைச் சாத்தியே வைப்பதுதான் அங்கே கெடுதல். அந்துருண்டை ராமபாணப் பூச்சியை விரட்டுமே தவிர, கட்டுக்குள் இட்ட முட்டையை ஒன்றும் செய்யாது. வருடத்துக்கு ஒருமுறையாவது கட்டை அவிழ்த்துத் தட்டிக் கட்ட வேண்டும். கரையான் மருந்து சுவரும் தரையும் சேரும் இடத்தில் துளையிட்டு விடுவதற்கு, தாள்மேல் தெளிப்பதற்கல்ல. கட்டு ஒரு சாண் உயரத்தைத் தாண்டக்கூடாது, மேலும் கீழும் அட்டை வைத்துத்தான் கயிறு போட வேண்டும். வெறும் தாளில் இறுக்கிய கயிறு ஓரத்தை அறுத்துவிடும்.

கோப்பை வெளியே எடுத்தால் அது இருந்த இடத்தில் கோரிக்கைச் சீட்டு நிற்க வேண்டும்: யார் கேட்டார், எந்தப் பிரிவு, எந்தத் தேதி, எந்தக் கோப்புக்காக. 'சார் கேட்டாங்க' என்று வாய்மொழியாக எடுத்துப்போன கோப்பு, அந்த சார் மாறுதலில் போனதோடு சரி. சீட்டு கேட்டால் எந்த சாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்; கோபித்துக்கொண்டால் அந்தக் கோப்பை இன்னும் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் பக்கத்துக்கே உரிய சிக்கல். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2. கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9. ஆகவே ஊத்தங்கரை கிராமம் ஒன்றின் 1958ஆம் ஆண்டு உத்தரவைக் கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் தேடிப் பயனில்லை. சேலத்தில் கேட்க வேண்டும், அங்கும் இல்லையென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1980ஆம் ஆண்டுக் கோப்பு என்றால் தருமபுரி. தாலுகா அளவிலும் இதே கதைதான். காரிமங்கலத்துக்குத் தாய் தாலுகா பாலக்கோடு, நல்லம்பள்ளிக்குத் தருமபுரி, சூளகிரிக்கு ஓசூர், அஞ்செட்டிக்குத் தேன்கனிக்கோட்டை. பிரிக்கும்போது கிராமவாரியாக இருக்கும் கணக்குகளைப் பிரித்துக் கொடுத்துவிடலாம். பல கிராமங்கள் ஒரே புத்தகத்தில் இருக்கும் பதிவேடுகளைக் கிழித்தா கொடுக்க முடியும்? அவை தாய் தாலுகாவிலேயே தங்கும். தங்கியவற்றின் பட்டியல் ஒன்று புதிய தாலுகாவில் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் மனுதாரர் இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் அலைவார்.

1792இல் பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி கும்பெனி கைக்கு வந்து, அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரிக்கு அடிபோட்ட மண் இது. சேலம் ஜில்லாவில் அதன்பின் ஜமீன் போன்ற மிட்டாக்களும் இருந்தன. 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தில் அவை போயின. அதனால் பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களுக்குக்கூட ஆதிப் பதிவேடு ஒன்றாக இருக்காது. மிட்டாவாகவோ இனாமாகவோ இருந்த கிராமத்துக்குச் செட்டில்மென்ட் நிலப் பதிவேடுதான் அடித்தளம். 1980களில் நடந்த யு.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டத்தில் பெயரோ பரப்போ தவறியிருந்தால், திருத்தம் கேட்டு வருபவருக்கு அதற்கு முந்தைய 'அ' பதிவேடுதான் வேண்டும். யு.டி.ஆர். வந்துவிட்டது, கணினியிலும் ஏறிவிட்டது, பழசு எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. 1980இல் கர்ணம், மணியம் என்ற பழைய கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தபோது கணக்குகள் கைமாறின. அப்போது எழுதிய ஒப்படைப்புப் பட்டியல் எந்தக் கிராமத்துக்காவது கிடைத்தால் அதையும் நி.மு. கட்டில் சேருங்கள்.

கிராமக் கணக்குக் கட்டுகளில் பசலி ஆண்டு எழுதியிருக்கும். ஜூலை 1இல் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டுதான் பசலி. ஜூலையில் நடக்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழித்தால் அன்று தொடங்கும் பசலி வரும்: 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. வெறுமனே '1410' என்று எழுதிய கட்டை அடுக்கு எண் என்று நினைத்து வேறு இடத்தில் வைத்துவிடுவார்கள். இரண்டு ஆண்டையும் எழுத வேண்டும். சரிபார்க்க நல்ல சமயம், கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்யும் ஜமாபந்தி. எப்படியும் எல்லாக் கிராமக் கணக்கும் தாலுகாவுக்கு வந்துதான் ஆக வேண்டும்.

அழிப்பதற்கு வருவோம். ஜனவரியில் காலம் முடிந்தவற்றைப் பட்டியலிட வேண்டும்: எண், பொருள், பிரிவு, முடித்த தேதி, வகை, காலம் முடியும் ஆண்டு. 'பொருள்' பத்தியில் 'மனு' என்று மட்டும் எழுதுவது பட்டியலே எழுதாததற்குச் சமம். யார், எந்தக் கிராமம், எந்தப் புல எண், எதற்காக என்று இருக்க வேண்டும். பட்டியல் எல்லாப் பிரிவுக்கும் சுற்றுக்குப் போய்த் திரும்ப வேண்டும். வழக்கு நிலுவை, தணிக்கைத் தடை, ஒழுங்கு நடவடிக்கை, ஓய்வூதியம், தகவல் உரிமை மனு ஆகிய ஐந்தில் ஒன்று இருந்தாலும் அந்த வரியை அடித்துவிட வேண்டும். அதன்பின் அலுவலகத் தலைவரின் எழுத்துமூல உத்தரவு. உத்தரவு வந்த பிறகும் கட்டைப் பிரித்து ஒவ்வொரு கோப்பையும் பட்டியலோடு ஒத்துப்பார்த்த பின்னரே வெளியே எடுக்கலாம். இணைப்புக் கோப்பு மாட்டுவது இந்தக் கடைசிச் சோதனையில்தான்.

தகவல் உரிமைச் சட்டம் பற்றி ஒரு தப்பெண்ணம் பரவியிருக்கிறது. 20 ஆண்டுக்கு முந்தைய தகவலைப் பற்றி 8(3) பிரிவு பேசுவதால், எல்லாக் கோப்பையும் 20 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று. அப்படி இல்லை. 20 ஆண்டு கடந்த தகவலுக்கு, சில விலக்குகளைத் தவிர மற்றவற்றைச் சொல்லி மறுக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். எவ்வளவு காலம் வைப்பது என்பதை முடிவு வகைதான் சொல்லும். மாறாக, கேட்கப்பட்டிருக்கும் தகவலை அழித்தால் 20ஆம் பிரிவில் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை தண்டம், அதுவும் அலுவலரின் சொந்தப் பையிலிருந்து. 'கோப்பு கிடைக்கவில்லை' என்பது அந்தச் சட்டத்தில் விலக்கே அல்ல. 'இன்ன தேதி உத்தரவுப்படி அழிக்கப்பட்டது, பட்டியல் நகல் இணைப்பு' என்பது முறையான பதில். அதனால்தான் அழித்த கோப்பு மூ.மு.வாக இருந்தாலும் அழிப்புப் பட்டியல் நி.மு.

மத்திய அரசு அலுவலகங்களுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணங்கள் சட்டம் இருக்கிறது. முறைமீறி அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். 1892க்கு முந்தைய ஆவணம் என்றால், பயன்படாத அளவுக்குச் சிதைந்துவிட்டது என்று ஆவணக் காப்பகத் தலைமை கருதினால் ஒழிய அழிக்கவே கூடாது. மாநில அலுவலகம் தன் நடைமுறை நூலின்படிதான் போகும் என்றாலும், அந்தக் காலத்துத் தாள் எது கண்ணில் பட்டாலும் அழிப்புப் பட்டியலில் சேர்க்காமல் எழும்பூருக்குக் கடிதம் எழுதுவதே புத்திசாலித்தனம்.

அழிப்பது என்றால் கட்டோடு எடைக்குப் போடுவது அல்ல. ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், கைரேகை எல்லாம் உள்ளே இருக்கும். வேர்க்கடலைப் பொட்டலத்தில் யாருடைய ரேஷன் அட்டை நகலோ வருவது இப்படித்தான். பொறுப்பு அலுவலர் முன்னிலையில் இயந்திரத்தில் துண்டுதுண்டாக்கிய பிறகே காகிதக் கூழுக்கு அனுப்ப வேண்டும். எடை, தேதி, முன்னிலை வகித்தவர் கையெழுத்து, கருவூலத்தில் கட்டிய தொகையின் செலான் எண் எல்லாம் பட்டியலின் அடியில் ஏறும். கொல்லையில் எரிப்பதில் கட்டின் நடுத்தாள் எரியாமல் பறக்கும். சாம்பலை எண்ணி யாரும் சான்று கொடுக்கவும் முடியாது.

கோப்பைக் கணினியிலேயே நடத்தும் இ-ஆபீஸ் வந்த பிறகு இதெல்லாம் தேவையில்லை என்பார்கள். இப்போதைய சிக்கல் பாதி அங்கே, பாதி இங்கே என்பதுதான். குறிப்பு கணினியில் ஓடுகிறது, மகஜரும் வரைபடமும் தாளில் கிடக்கின்றன. தாள் உறையின்மேல் இ-ஆபீஸ் எண்ணையும், கணினிக் கோப்பின் முதல் குறிப்பில் தாள் இருக்கும் கட்டு எண்ணையும் எழுதாவிட்டால் பத்தாண்டு கழித்து இரண்டும் அநாதைகள். ஸ்கேன் செய்வதானால் 300 டிபிஐக்குக் குறையாமல், நெடுநாள் காப்புக்கான பி.டி.எஃப்-ஏ வடிவத்தில், ஒவ்வொரு பக்கமும் விழுந்திருக்கிறதா என்று கடைசித் தாளில் எழுதிய பக்க எண்ணிக்கையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். ஸ்கேன் எடுத்தாயிற்று என்பது அசலை அழிக்க அனுமதி ஆகாது. கையெழுத்தும் ரேகையும் தடயவியல் சோதனைக்குப் போக அசல்தான் வேண்டும். 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7ஆம் பிரிவும், மின்னணுப் பதிவு பின்னாளில் திறந்து படிக்கக்கூடியதாகவும், எங்கிருந்து எப்போது வந்தது என்ற விவரத்தோடும் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. அலமாரியில் இருக்கும் பழைய ஃபிளாப்பி, சி.டி.களை இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். படிக்க முடிந்ததை மாவட்ட சர்வரிலும் தனி வன்தட்டிலுமாக இரண்டு படி எடுத்துவிட்டு, படிக்க முடியாததை எண் போட்டுத் தனிப் பட்டியலாக எழுதி அலுவலகத் தலைவரின் கையெழுத்து வாங்குங்கள்.